மிளகாய்க்குச் சாதி வந்த கதை

போன கோடையில் கல்லூரி மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குக் கள ஆய்வுக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊர். காலையெல்லாம் வீடு வீடாகப் போய் பட்டா இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் கிடைத்ததா, ரேஷன் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டு எழுதினோம். மதியம் ஒரு ஆயா வீட்டுத் திண்ணையில் சோர்ந்து உட்கார்ந்தபோது, கேட்காமலேயே ஆளுக்கொரு உருண்டை கேழ்வரகுக் களி வைத்தார். தொட்டுக்கொள்ள ஒரு துவையல். அடுப்புத் தணலில் சுட்ட காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, வறுத்த கொள்ளு, உப்பு. அம்மியில் அரைத்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது வாயிலேயே ஒரு மாணவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "இவங்களுக்கெல்லாம் நாக்கு மரத்துப் போயிருக்கும் தோழர். அதான் இவ்ளோ காரம் தாங்குது."

ஆயாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. "மரத்துப்போன நாக்குக்கு ருசி எப்பிடிக் கண்ணு தெரியும்? இன்னிக்கு இதுல புளி பத்தல. எனக்குத் தெரியுது. உனக்குத் தெரிஞ்சுதா?" என்றார். மாணவரிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அந்த மாணவர் பெரிய வீட்டுப் பிள்ளை அல்ல. சமவெளியில் ஒரு காலனியிலிருந்து படிக்க வந்தவர். அவருடைய பாட்டியும் பழைய சோற்றுக்கு மிளகாயைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போனவராகத்தான் இருக்க வேண்டும். தன் பாட்டியின் நாக்கைப் பற்றி யாரோ சொல்லிவைத்ததை அவர் இன்னொரு பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து திருப்பிச் சொன்னார். அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது? காரம் ஏன் ஏழைகளின் அடையாளமானது? பிறகு எப்படி அவர்களுடைய குறையானது? ஊருக்குத் திரும்பியதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தட்டில் மூன்று கண்டங்கள்

அந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம். ஜவ்வாது மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்பவர் என்பதுதான் பொருள். காஞ்சிபுரம் பக்கமிருந்து முன்னோர் மலையேறி வந்த கதை அவர்களிடம் உண்டு. அவர்கள் தலித்துகள் அல்லர். அவர்களுடைய வரலாறும் சேரியின் வரலாறும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு அடுப்புகளும் பல இடங்களில் ஒரே மாதிரி எரிந்திருக்கின்றன.

அவர்கள் விளைவிக்கும் சாமையும் கொள்ளும் இந்திய மண்ணிலேயே மனிதர்கள் பழக்கிப் பயிராக்கியவை. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்தது. புளிய மரத்தின் தாயகமும் ஆப்பிரிக்கா என்றுதான் தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். மிளகாய் இவை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் 6000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிட்டுச் சமைத்தார்கள். 1492-ல் மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ், கரீபியத் தீவுகளில் இறங்கிக் கண்டது மிளகாயைத்தான். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510-ல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டிலேயே அவர்களுடைய கப்பல்களில் மிளகாய் நம் கரைக்கு வந்துவிட்டது. பம்பாய்ப் பக்கம் அதைக் 'கோவாய் மிர்ச்சி' என்றே அழைத்தார்கள்.

நாம் வைத்த பெயரும் இதே கதையைச் சொல்கிறது. மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். கன்னடத்தில் மெணசு என்றால் மிளகு, மெணசினகாயி என்றால் மிளகாய். மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. முளகு என்ற பெயரையே மிளகாய் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய மிளகுதான் குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழி சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே சங்க இலக்கியத்தில் மிளகாய் கிடையாது. அங்கே 'கறி' என்றால் மிளகு. யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. மிளகாயும் பழந்தமிழர் உணவுதான் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். நமக்கு அந்தப் பழமை தேவையும் இல்லை. ஐந்து நூற்றாண்டுக்கு முன்பு கப்பலில் வந்த ஒரு காய் இல்லாமல் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் குழம்பு கொதிக்காது. தூய்மை, பூர்வீகம், கலப்பு என்று பேசுகிறவர்களுக்கு அவர்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியே பதில் சொல்லும்.

மிளகுக்குக் காசு, மிளகாய்க்கு ஒரு பிடி மண்

மிளகாய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? மிளகுக் கொடிக்கு மழை வேண்டும், நிழல் வேண்டும், படர மரம் வேண்டும். அது மலபார் மலைச்சரிவின் பயிர். அங்கிருந்து வணிகர் கைமாறி, சுங்கம் கட்டி, சந்தைக்கு வரும். ரோமாபுரியிலிருந்து லிஸ்பன் வரைக்கும் அரசுகள் மிளகுக்காகக் கப்பல் விட்டன, போர் நடத்தின. கூலியாக நெல்லையோ கேழ்வரகையோ அளந்து வாங்கிய குடும்பத்தால் அதை அன்றாடம் வாங்க முடிந்திருக்காது.

மிளகாய் அப்படியல்ல. ஒரு பழத்தில் பல விதைகள். போட்ட சில மாதத்தில் காய்க்கும். வறண்ட மண்ணிலும் வரும். உடைந்த பானையில் மண் போட்டு வைத்தாலும் வரும். பழத்தைக் காயவைத்தால் ஆண்டு முழுக்கக் கெடாது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது என்பதால் அவை தின்று விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிடும். வேலி ஓரத்தில் தானாக முளைக்கும் ஊசி மிளகாய்ச் செடிகள் பல அப்படி வந்தவைதான். ஆண்டையிடம் கேட்காமல், வணிகரிடம் கடன் சொல்லாமல், உழைக்கும் குடும்பம் தானே விளைவித்துக்கொள்ளக்கூடிய சம்பாரம் அது. உப்பையும் மிளகாயையும் வைத்துக்கொண்டு ஒரு சட்டிக் கூழை இறக்கிவிடலாம்.

ஆனால் அந்த ஒரு பிடி மண்ணும் எல்லோருக்கும் இருந்ததா? செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்திலிருந்த திரமென்ஹீர் 1891-ல் அரசுக்கு அளித்த அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. பறையர்கள் குடியிருந்த மனைகூட மிராசுதார்களின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். வீட்டுக்கொல்லையே தனக்குச் சொந்தமில்லாதவர் அதில் செடி வைப்பதும் இன்னொருவர் தயவில்தான். அந்த அறிக்கையின் விளைவாக 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. மாகாணம் முழுக்க ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கிடப்படுகிறது. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஒரு மிளகாய்ச் செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் நம் நாட்டில் பேச்சு நிலத்தில்தான் போய் நிற்கும்.

நாக்குக்கு வருணம் வகுத்தவர்கள்

இப்போது நம் மாணவர் சொன்னதற்கு வருவோம். சாப்பாட்டை வைத்து ஆளின் குணத்தை அளப்பது இங்கே மிகப் பழைய வேலை. பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிக்கிறது. சாறும் நெய்ப்பும் உள்ளது, மனதுக்கு இதமானது சாத்விகம். கசப்பு, புளிப்பு, உப்பு, காரம், எரிச்சல் மிகுந்தது ராஜசம். ஆறிப்போனது, பழையது, எச்சில் ஆகியவை தாமசம். இந்தக் குணமுள்ள ஆட்கள் இந்த உணவை விரும்புவார்கள் என்று சொல்வதுதான் அங்கே கணக்கு.

இந்தப் பட்டியலை ஒரு பண்ணையாளின் காலைச் சாப்பாட்டோடு வைத்துப் பாருங்கள். நேற்று வடித்த சோறு, உப்பு, புளித்த நீர், ஒரு மிளகாய். ராஜசமும் தாமசமும் ஒரே சட்டியில் வந்துவிட்டன. பழையதையும் எச்சிலையும் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தாரா? விடியுமுன் வயலில் இறங்க வேண்டியவருக்குக் காலையில் அடுப்பு மூட்ட ஏது நேரம்? வேலை செய்த வீட்டில் கொல்லைப்புறமாகக் கொடுத்ததே மிஞ்சிய சோறு. கொடுத்தவர் சாத்விகர், வாங்கித் தின்றவர் தாமசர் என்றால் அந்தக் கணக்கை எழுதியது யார் கை என்று கேட்க வேண்டும்.

கீதை எழுதப்பட்ட காலத்தில் இங்கே மிளகாய் இல்லை. வந்த பிறகு அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். பார்ப்பன வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய் சேர்க்க மாட்டார்கள், மிளகுதான். அன்றாடச் சாம்பாரிலும் ரசத்திலும் மிளகாய் தாராளமாக மிதக்கும். முன்னோருக்குப் படைக்கும்போது மட்டும் அது பிற்பாடு வந்த காயாகிவிடும். அதே மிளகாய் எலுமிச்சையோடு கோத்து வாசலில் திருஷ்டிக்குத் தொங்கும். உழைக்க வரலாம், காவல் காக்க வரலாம், பூசையறைக்குள் மட்டும் வரக்கூடாது. இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானதுதான் இல்லையா?

காரத்தின் மேல் வைத்த இந்தக் கண், பெண்களின் மேலும் இருந்தது. மேல்சாதி வீடுகளில் கைம்பெண்களுக்கு வெங்காயம், பூண்டு, காரம் விலக்கப்பட்டது. உடம்பில் உணர்ச்சி கிளம்பிவிடுமாம். உழைப்பவர் தின்றால் முரடு, பெண் தின்றால் ஆபத்து. கட்டுக்குள் வைக்க வேண்டியவர்கள் என்று யாரை நினைத்தார்களோ, அவர்களுடைய தட்டில்தான் காரத்தை எண்ணிப் பார்த்தார்கள்.

காரமா, நெய் இல்லாமையா?

காரத்தைப் பற்றிய ஒரு அடிப்படைச் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். மிளகாயில் எரிப்பது காப்சைசின் என்ற வேதிப்பொருள். விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அது அதிகம். நம் நரம்பில் சூட்டை உணரும் ஒரு புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ளும்போது, உண்மையிலேயே சுட்டதாக மூளைக்குச் செய்தி போகிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1997-ல் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. அதற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் காரத்துக்குத் தண்ணீர் குடித்தால் அடங்குவதில்லை. நெய், பால், தயிர், தேங்காய்ப்பால் சேர்த்தால் அதே மிளகாய் இதமாகிவிடும்.

அப்படியானால் இரண்டு வீடுகளில் ஒரே அளவு மிளகாய் போட்டாலும், நெய்யும் தயிரும் உள்ள வீட்டில் அது சுவையாகும், இல்லாத வீட்டில் எரியும். நம் சாப்பாட்டைக் கடும் காரம் என்று சொல்பவர்கள் மிளகாயை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்தில் இல்லாத நெய்யைப் பார்ப்பதில்லை.

அந்த நெய் ஏன் இல்லை? வறுமை என்று சொன்னால் பாதிதான் சரி. அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா என்ற ஊரில் அந்த ஆண்டு நடந்ததை எழுதுகிறார். யாத்திரை போய்த் திரும்பிய தீண்டப்படாதவர் ஒருவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். உணவில் நெய் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, உட்கார்ந்திருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் வாங்க அந்த மனிதரிடம் காசு இருந்தது. ஆனால் நெய் பரிமாறும் உரிமை அவருக்கு இல்லை என்பது ஊரின் தீர்ப்பு.

நெய் மறுக்கப்பட்ட இடத்தில் நம் மக்கள் வேறு கொழுப்பைத் தேடினார்கள். மாட்டிறைச்சியின் கொழுப்பு அதில் முக்கியமானது. சேரி அடுப்பில் கொழுப்பை உருக்கி மிளகாயை வதக்கும்போது வரும் மணம் தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இறைச்சியை உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிக் கொடியில் காயப்போட்டு உப்புக்கண்டம் ஆக்கினார்கள். மராத்வாடாவின் மகர், மாங் மக்களின் சமையலைப் பதிவு செய்து ஷாஹு பட்டோலே 2015-ல் மராத்தியில் ஒரு நூல் வெளியிட்டார். நெய்யும் பாலும் எட்டாத அடுப்புகளில் கிடைத்ததை வைத்து எப்படிச் சமைத்தார்கள் என்பதை அதில் விரிவாகப் பார்க்கலாம். பிறகு அந்த மாட்டிறைச்சியையே காரணம் காட்டித் தீண்டாமைக்கு நியாயம் சொன்னார்கள். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் அம்பேத்கர் 1948-ல் 'தீண்டப்படாதோர் யார்?' என்ற ஆய்வில் துருவிப் பார்த்தார். நெய்யும் கூடாது, கொழுப்பும் கூடாது, காரமாகத் தின்றால் அதுவும் குற்றம்.

மரத்துப்போன நாக்கால் முடியாத வேலை

திரும்பவும் திண்ணைக்கு வருவோம். அன்று சாப்பிட்டு முடித்த பிறகு ஆயாவிடம் துவையலைப் பற்றி விசாரித்தேன். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் காரத்தை அவர் எப்படிக் கட்டுப்படுத்துகிறார் என்று கவனித்தபோதுதான் அதிலிருந்த அறிவு புரிந்தது.

மிளகாயைத் தணலில் சுடுகிறார். அதில் பச்சை நெடி போய்ப் புகை மணம் ஏறுகிறது. கருகினால் கசக்கும் என்பதால் கண் அதிலேயே இருக்க வேண்டும். வறுத்த கொள்ளு துவையலுக்கு உடம்பு கொடுக்கிறது. புளி நாக்கின் கவனத்தைக் காரத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. களி தன்னளவில் உப்பில்லாமல் சப்பென்று இருக்கும். அதை மென்று தின்பதில்லை, துவையலில் புரட்டி விழுங்குவார்கள். அந்தச் சப்பைத் தன்மைக்காகவே துவையல் உறைப்பாக இருக்க வேண்டும். துவையலை மட்டும் வழித்து நாக்கில் வைத்த நம் மாணவர் பாதிச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு முழுச் சாப்பாட்டுக்கும் தீர்ப்பு சொன்னார். "காரம் முன்னாடி ஓடி வரக்கூடாது கண்ணு. புளி வரணும், உப்பு வரணும், அதுங்க பின்னாடி இது வரணும்" என்றார் ஆயா. மழைக்காலத்தில் ஒரு மிளகாய் கூட வைப்பாராம், வெயில் நாளில் குறைப்பாராம்.

அடிக்கடி காரம் தின்றால் எரிச்சல் பழகிப்போகும் என்பது அறிவியலும் ஒத்துக்கொள்வது. ஆனால் எரிச்சல் பழகியவருக்குத்தான் மிளகாயின் மற்றச் சுவைகள் தெரிய ஆரம்பிக்கும். பழுத்த மிளகாயின் லேசான இனிப்பு, குண்டு மிளகாயின் வாசம், ஊசி மிளகாயின் சுருக்கென்ற உறைப்பு இவையெல்லாம் எரிச்சலைத் தாண்டிப் போனவர்களுக்கான செய்தி. 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் காரத்தை அளக்க ஒரு வழி சொன்னார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் தெரியாமல் போகும் வரை நீர்த்துக்கொண்டே போவது. எத்தனை மடங்கு நீர்த்தோமோ அதுதான் எண். அந்த எண்ணை வைத்துத்தான் இன்று யூடியூபில் யார் அதிகம் தாங்குவது என்று போட்டி நடக்கிறது. அந்த அளவுகோல் எரிச்சலை மட்டும் எண்ணும். புளி போதவில்லை என்பதை அதனால் சொல்ல முடியாது.

புட்டியில் யார் பெயர்?

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதையல்ல. உலகம் முழுக்க விற்கும் டபாஸ்கோ சாஸ் 1868-ல் அமெரிக்காவின் லூசியானாவில், ஏவரி தீவு என்ற இடத்தில் தொடங்கியது. மிளகாயை உப்போடு அரைத்து மரப்பீப்பாயில் புளிக்கவைத்து வினிகர் சேர்ப்பது அதன் முறை. அந்த இடம் உள்நாட்டுப் போர் வரைக்கும் கறுப்பின அடிமைகளின் உழைப்பில் நடந்த கரும்புத் தோட்டம். இன்றும் புட்டியில் இருப்பது மெக்கில்ஹென்னி என்ற உரிமையாளர் குடும்பத்தின் பெயர். காய் பறித்தவர்களின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. இன்னொரு புட்டியும் உண்டு. வியட்நாமிலிருந்து அகதியாகக் கப்பலேறிய டேவிட் டிரான் 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் சிராச்சா சாஸ் தயாரிக்கத் தொடங்கினார். கம்பெனிக்குத் தன் பெயரை வைக்கவில்லை. தன்னைச் சுமந்து வந்த ஹுய் ஃபாங் கப்பலின் பெயரை வைத்தார்.

நம் மக்களும் கப்பலேறியிருக்கிறார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ஆற்காடு பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் சாப்பாட்டுப் பொட்டலத்தில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் இருக்கும். 1948-ல் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்த நாடு, அவர்களுடைய உழைப்பில் விளைந்த தேயிலையை உலகத்துக்கு விற்றது. தேயிலைக்கு ஊர்ப் பெயர் இருக்கிறது, தோட்டப் பெயர் இருக்கிறது. அந்தச் சம்பலை அரைத்தவர்களுக்கு வரலாற்றில் என்ன பெயர் இருக்கிறது?

அதிகாரத்தின் கையில், மக்கள் கையில்

மிளகாயைப் பற்றிப் பேசும்போது அதன் இன்னொரு முகத்தையும் மறைக்கக்கூடாது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்களைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட மெண்டோசா சுவடியில், தகப்பன் 11 வயது மகனை மிளகாய்ப் புகையில் பிடித்துத் தண்டிக்கும் படம் இருக்கிறது. நம் ஊரிலும் இந்தத் தண்டனையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அரசும் அதையே செய்தது. 1855-ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. கம்பெனி ஆட்சியில் நிலவரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கவும் கீழ்மட்ட அலுவலர்கள் என்னென்ன செய்தார்கள் என்ற பட்டியல் அதில் உண்டு. கண்களில் மிளகையும் மிளகாயையும் இடுவது, ஆண் பெண் இருபாலரின் மறைவிடங்களில் அதைத் திணிப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கின்றன. 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிபியூனில் இந்தியாவில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி எழுதியபோது இந்த அறிக்கையை எடுத்துக்காட்டினார். ஏழையின் தட்டில் இருந்த ஒரே சம்பாரத்தை எடுத்து ஏழையின் கண்ணில் தூவினார்கள்.

அதே மிளகாய் மக்கள் கைக்கும் வந்தது. 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில், ரசாக்கர்களும் நிலப்பிரபுக்களின் அடியாட்களும் ஊருக்குள் நுழைந்தபோது பெண்கள் உலக்கையையும் கவணையும் மிளகாய்த்தூளையும் எடுத்துக்கொண்டு எதிர்த்தார்கள். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. அடுப்படியில் இருந்ததை எடுத்தார்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது

இன்று அந்த மலையூருக்கும் ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட் வந்துவிட்டது. குழந்தைகள் கையில் காரச் சிப்ஸ் பை இருக்கிறது. வேலை தேடிக் குடகுக்கும் கேரளத்துக்கும் போகிறவர்கள் வீட்டில் அம்மிக்கு வேலை குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம் நகரத்துக் கடைகளில் சாமையும் கேழ்வரகும் சத்துணவு என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கின்றன. நாளைக்கு இந்தத் துவையலும் கண்ணாடிப் புட்டியில் வரலாம். அதில் ஆயாவின் பெயர் இருக்காது.

இதற்கு அம்மியைப் பற்றி ஏங்கிக்கொண்டிருப்பது தீர்வல்ல. அம்மி அரைத்தவர்களின் தோள் வலி நமக்குத் தெரியும். மிக்ஸி வரட்டும், நெய்யும் வரட்டும். எளிமையான உணவு என்று சொல்லி யாருடைய வறுமையையும் நாம் கொண்டாட வேண்டாம். கேட்க வேண்டியது உரிமை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவு, அதாவது மூன்றாவது உட்கூறு, காட்டின் சிறு விளைபொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் பழங்குடியினருக்கு உடைமை உரிமை தருகிறது. புளியும் கடுக்காயும் காட்டுத்தேனும் நடுவண் அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் மலைக்குப் போகும்போது புளி என்ன விலைக்குப் போகிறது, யார் எடுக்கிறார்கள், எடை சரியாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். துவையலின் சுவையைப் பாராட்டிவிட்டுப் புளியின் விலையைக் கேட்காமல் வருவது சுற்றுலா.

இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் அவர் எப்படிச் சமைத்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த மிளகாய், எங்கிருந்து வந்தது, எண்ணெய் எப்போது முதன்முதலாக வீட்டுக்கு வந்தது, யார் வீட்டு மோர் கிடைத்தது, எந்த வாசலில் நின்று வாங்கினார்கள் என்றெல்லாம் கேளுங்கள். சமையல் குறிப்பு என்று நினைத்துத் தொடங்குவீர்கள். அரைமணி நேரத்தில் கூலி, நிலம், கொல்லைவாசல் என்று உங்கள் ஊரின் சாதி வரலாறு முழுக்க வெளியே வந்துவிடும். சமூகவியல் படித்த எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் அவ்வளவு விரைவாக அதைக் கற்றுத்தரவில்லை.

ரோஷம் கெட்டு நடக்கிறவரைப் பார்த்து "சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?" என்று நம் ஊரில் கேட்பார்கள். சுயமரியாதையை நம் மக்கள் சாப்பாட்டில்தான் வைத்துப் பேசினார்கள். நம் மாணவர் போன மாதம் பேசியபோது, தன் பாட்டியிடம் கேட்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். பாட்டி முதல் நாள் "அதெல்லாம் எதுக்குடா, அது கஷ்டத்துல தின்னது" என்று சொல்லி மறுத்துவிட்டாராம். மூன்றாவது நாள் அவரே கூப்பிட்டு உட்காரவைத்து அரைத்துக் காட்டியிருக்கிறார்.

காரம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அது இருக்கட்டும் தோழர், புளி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு" என்றார்.

ஜெய் பீம்.